மருந்து கொடுக்கக் கற்பவர்கள் ஒரு மணி நேரம் முதியவராக இருந்து பார்த்தால்

பார்மசி மாணவர்களுக்கு முதியோர் மருந்துப் பாடத்தை ஆட்டமாக நடத்துகிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் மனதில் உடனே வந்து நிற்பது வினாடி வினாதான். நாலு அணி, சரியான விடைக்குப் பத்து மதிப்பெண், கடைசியில் ஒரு பேனா பரிசு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் தூங்காமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு என்று நினைப்பவர்களும் உண்டு. மாணவி ஒருத்தியின் அப்பா நேராகவே கேட்டார்: "பீஸ் கட்டிப் படிக்க அனுப்பினா, விளையாட விடறீங்களே மேடம்?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமானால் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பேச வேண்டும். கற்பிக்கும் ஆட்டம் என்றால் என்ன என்பது ஒன்று. வயதான உடலுக்குள் போன மாத்திரை என்ன ஆகிறது என்பது இன்னொன்று. இரண்டைப் பற்றியும் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது, இரண்டும் பாதிதான் சரி.

பரமபதமும் ஆடுபுலி ஆட்டமும்

பரமபதத்தில் உருட்டுவதோடு நம் வேலை முடிந்தது. ஏணியா பாம்பா என்பதைத் தாயக்கட்டை பார்த்துக்கொள்ளும். நூறு முறை ஆடினாலும் நாம் தேர்ந்த ஆட்டக்காரர் ஆகிவிட மாட்டோம். ஆடுபுலி ஆட்டம் வேறு மாதிரி. மூன்று புலி, பதினைந்து ஆடு. ஓர் ஆட்டை எந்தக் கோட்டில் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அசந்து வைத்தால் அடுத்த நகர்த்தலிலேயே புலி தாண்டி வெட்டிவிடும். பக்கத்தில் யாரும் திட்ட வேண்டியதில்லை, பலகையே சொல்லிவிடும். பத்து ஆட்டம் தோற்ற பிள்ளை, பதினோராவது ஆட்டத்தில் ஆட்டை வைக்கும் முன் கையை நிறுத்தி யோசிக்கும்.

கற்பிக்கும் ஆட்டத்தின் உயிர் அந்த நிறுத்தத்தில் இருக்கிறது. மாணவர் ஒரு முடிவு எடுக்க வேண்டும். முடிவின் விளைவு கண்ணெதிரே வர வேண்டும். திரும்ப ஆடிப்பார்க்க இடம் இருக்க வேண்டும். வினாடி வினா ஞாபகத்தைச் சோதிக்கும். அதற்கும் பயன் உண்டு, ஆனால் அதில் விளைவு என்று எதுவும் வருவதில்லை. பாடத்தின் மேல் நட்சத்திரம், தரவரிசை, பாயிண்ட் ஒட்டவைப்பதை கேமிஃபிகேஷன் என்பார்கள். அது ஆர்வத்தைக் கூட்டலாம், பாடம் பழைய பாடமாகவே இருக்கும். இன்னொருவரின் நிலையில் நின்று, அவர் செய்யும் வேலையைச் செய்து பார்ப்பதற்குப் பாவனைப் பயிற்சி என்று பெயர். முதியோர் மருந்துக்கான நல்ல ஆட்டங்களில் ஆடுபுலியும் இருக்கும், பாவனையும் இருக்கும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பரிசும் மணியும் இருப்பதால் ஒன்று கற்பிக்கும் ஆட்டம் ஆகிவிடாது. முடிவும் விளைவும் இருக்க வேண்டும்.

அதே மாத்திரை, வேறு உடல்

"வயசானவங்க, டோஸைக் கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க." இது எல்லோரும் சொல்வது. எவ்வளவு குறைக்க வேண்டும், எந்த மருந்தை, எதற்காக என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

குளியலறையில் குழாய் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிகாலில் முடி சேர்ந்து பாதி அடைத்துவிட்டது. குழாயிலிருந்து வரும் தண்ணீர் அதே அளவுதான், தரையில் மட்டம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். உடலுக்கு மருந்தை வெளியேற்றும் வடிகால்கள் முக்கியமாக இரண்டு, சிறுநீரகமும் கல்லீரலும். வயது ஏற ஏற சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் பெரும்பாலானோருக்கு மெல்லக் குறைகிறது. கல்லீரலுக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைகிறது. பத்து வருடமாகப் போடும் அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் உள்ளே மட்டம் ஏறுகிறது. "இத்தனை வருஷமா இதைத்தானே போடறேன், இப்ப மட்டும் எப்படி ஒத்துக்காம போகும்?" என்று கேட்கும் பெரியவருக்கு இந்தக் குழாய்க் கதையைத்தான் சொல்வேன்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சிறுநீரகத்தின் நிலையை அறிய ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்க்கிறோம். தசைகள் இயங்கும்போது உண்டாகி சிறுநீரகம் வழியாக வெளியேறும் கழிவுப்பொருள் அது. முதுமையில் தசை கரைந்துவிடுவதால் கழிவே குறைவாகத்தான் உண்டாகிறது. வடிகால் அடைத்திருந்தாலும் ரிப்போர்ட்டில் எண் 'நார்மல்' என்று வரலாம்.

இதை வகுப்பில் இரண்டு அட்டைகளாகத் தருகிறேன். ஒன்றில் 25 வயது இளைஞர், எடை 60 கிலோ, கிரியாட்டினின் 1.0. மற்றதில் 80 வயதுப் பெரியவர், எடை 45 கிலோ, கிரியாட்டினின் அதே 1.0. இருவருக்கும் நரம்பு வலிக்கான பிரிகாபலின் எழுதப்பட்டிருக்கிறது. டோஸ் ஒன்றா வேறா என்று ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் ரிப்போர்ட் ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பலர் 'ஒன்றே' என்று அட்டையைக் கவிழ்த்துவிடுவார்கள். பிறகு சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணக்கிட, காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் 1976-ல் தந்த வாய்பாட்டைப் போடச் சொல்வேன்: 140-லிருந்து வயதைக் கழி, எடையால் பெருக்கு, 72-ஆலும் கிரியாட்டினின் அளவாலும் வகு. பெண்ணாக இருந்தால் வரும் விடையில் நூற்றுக்குப் பதினைந்தைக் குறை. இளைஞருக்கு நிமிடத்துக்குச் சுமார் 96 மில்லி லிட்டர் வருகிறது. பெரியவருக்கு 37, 38. பிரிகாபலின் ஏறக்குறைய மாறாமல் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் மருந்து. 30-க்கும் 60-க்கும் இடையில் இருப்பவருக்கு வழக்கமான டோஸில் பாதிதான். முழு டோஸ் கொடுத்த அணியின் பெரியவர், மூன்றாவது நாள் காலையில் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து பாத்ரூம் போகும் வழியில் விழுகிறார். அட்டையின் பின்பக்கத்தில் அதுதான் எழுதியிருக்கிறது. அதைப் படிக்கும்போது வகுப்பில் வரும் அமைதிக்காகவே நான் அதை வாய்விட்டுப் படிப்பதில்லை. அவர்களே திருப்பிப் பார்க்க வேண்டும்.

வடிகால் மட்டுமல்ல, தொட்டியும் மாறுகிறது. முதிய உடலில் நீரின் பங்கு குறைகிறது, கொழுப்பின் பங்கு கூடுகிறது. மிளகாய்க் காரம் எண்ணெயில் ஏறி நிற்பதுபோல, சில மருந்துகள் கொழுப்பில் போய்த் தங்கிவிடும். டயஸிபம் இதற்கு நல்ல உதாரணம். ரத்தத்திலுள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்துக்கு அரை ஆயுள் என்று பெயர். டயஸிபத்தின் அரை ஆயுள் 20 வயதில் சுமார் 20 மணி நேரம், 80 வயதில் 80 மணி நேரத்தைத் தாண்டும். நேற்று ராத்திரி போட்ட தூக்க மாத்திரை இன்று மட்டுமல்ல, நாளை மறுநாளும் உள்ளே இருக்கும். அதன்மேல் இன்றைய மாத்திரையும் ஏறும்.

மூளையும் ரத்தக் குழாய்களும்கூட மருந்துக்குக் கூடுதலாக அசைந்துகொடுக்கின்றன. சளிக்கு வாங்கும் குளோர்பெனிரமின், இளைஞருக்கு ஒரு மதியத் தூக்கத்தோடு முடிந்துவிடும். முதியவருக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, சில நேரம் ஆள் தெரியாத குழப்பம் வரை போகும். சர்க்கரைக்கான கிளிபென்கிளமைடு முதியவர்களுக்கு நெடுநேரம் நீடிக்கும் தாழ் சர்க்கரையைக் கொண்டுவரக்கூடும்.

இப்படிக் கவனம் வேண்டிய மருந்துகளை அமெரிக்க முதியோர் மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-ல் முதன்முதலாகப் பட்டியலிட்டார். பியர்ஸ் பட்டியல் என்றே அதற்குப் பெயர். இப்போது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதைப் புதுப்பித்து வெளியிடுகிறது, 2023-ல் ஒரு பதிப்பு வந்தது. தடைப் பட்டியல் என்று அதைப் படிப்பது தவறு. 'நின்று யோசி' என்று சொல்லும் பட்டியல் அது. என் அட்டைகளில் பாதி அங்கிருந்து எடுத்தவை.

சுருக்கம்: முதியவரின் உடலில் மருந்து மெதுவாக வெளியேறுகிறது, நெடுநேரம் தங்குகிறது, கூடுதலாக வேலை செய்கிறது. எந்த மருந்து எந்த வழியில் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் 'கொஞ்சம் குறை' என்பதற்கு அர்த்தம் வரும்.

மாத்திரை மேல் மாத்திரை

ஐந்தோ அதற்கு மேலோ மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பதைப் பாலிஃபார்மசி என்கிறோம். எண்ணிக்கை அதிகம் என்பதாலேயே அது தவறாகிவிடாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவருக்கு ஐந்து மருந்தும் தேவைப்படலாம். கவலை எங்கே என்றால், ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோய் என்று எண்ணி அதற்கு இன்னொரு மருந்து சேர்க்கும்போதுதான். இதை மருந்துச் சங்கிலி என்று சொல்லலாம். ஒவ்வொரு கண்ணியும் தனியாகப் பார்த்தால் சரியாகவே தெரியும் என்பதால், விரிவுரையில் சொல்லிப் புரியவைக்க இது மிகக் கடினம். ஆட்டம் தன் முழு பலத்தைக் காட்டுவது இங்கேதான்.

மேசையில் ஒரு 72 வயது அம்மா. முதல் அட்டை: முழங்கால் வலி. மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறார். இரண்டாவது அட்டை: ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. அம்லோடிபின் சேர்கிறது. மூன்றாவது: கணுக்கால் வீங்கியிருக்கிறது. நீர் பிரிய ஃபியூரோஸ்மைடு. நான்காவது: எழுந்தால் தலை சுற்றுகிறது. புரோகுளோர்பெரஸின். ஐந்தாவது: கை நடுங்குகிறது, நடை தளர்ந்து காலை இழுத்து நடக்கிறார். டிரைஹெக்ஸிஃபெனிடில். ஆறாவது: மகள் வந்து சொல்கிறாள், "அம்மா நேத்துலேர்ந்து என்னைத் தெரியாத மாதிரி பாக்கறாங்க."

ஒவ்வொரு அட்டையிலும் மாணவருக்கு இரண்டு நகர்த்தல்கள்தான். புதிய மாத்திரை அட்டையை எடுக்கலாம், அல்லது 'இதற்கு முன் என்ன தொடங்கியது?' என்று கேட்டு ஓர் அட்டையைத் திருப்பிப் பார்க்கலாம். முதல் ஆட்டத்தில் ஏறக்குறைய எல்லா அணிகளும் ஆறாவது அட்டை வரை போய்விடுகின்றன. பிறகு பின்னோக்கி வரச் சொல்வேன். குழப்பம், நடுக்கத்துக்குக் கொடுத்த மருந்தால் வந்திருக்கலாம். நடுக்கம் தலைசுற்றல் மாத்திரையால். தலைசுற்றல் நீர் மாத்திரையால். வீக்கம் அம்லோடிபினால், அதுவும் உடலில் நீர் கூடியதால் வந்த வீக்கம் இல்லை, நுண்குழாய்களில் அழுத்தம் கூடிக் கசிந்தது, அதனால் நீர் மாத்திரைக்கு அது சரியாக அடங்காது. ரத்த அழுத்தம் ஏறியதற்கு டைக்ளோஃபெனாக் காரணமாக இருந்திருக்கலாம். ஐந்து மாத்திரைகளின் அடியில் கிடப்பது ஒரு முழங்கால் வலி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சங்கிலியைக் கண்டுபிடிப்பது மருந்தாளுநரின் வேலை, மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்வதும் அவர் வேலை. தானாக எதையும் நிறுத்தச் சொல்வது அவர் வேலை இல்லை. வாசிப்பவர்களும் வீட்டிலுள்ள பெரியவர்களின் மாத்திரையை இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவது தொடர்வதைவிட ஆபத்து. எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

கண்ணாடியில் வாஸலின், சாக்ஸில் கடலை

மருந்து சரியாகவே எழுதப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது அட்டையிலிருந்து வாய்க்குள் போக வேண்டும். பாவனைப் பயிற்சி தொடங்குவது இந்த இடத்தில்.

அமெரிக்க பார்மசி கல்லூரிகள் சிலவற்றில் 'ஜீரியாட்ரிக் மெடிகேஷன் கேம்' என்ற ஆட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு முதியவராகிறார்கள். ஒருவருக்குப் பார்வை மங்கல், ஒருவருக்கு நடக்க முடியாது, ஒருவரிடம் பணம் இல்லை. அந்த நிலையிலேயே மருத்துவ ஏற்பாடு முழுவதையும் கடந்து மருந்தை வாங்கி வர வேண்டும். இந்தியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தில் இதை ஆடிய பார்மசி மாணவர்களிடம், முதியவர்கள் மீதான பரிவுணர்வு ஆட்டத்துக்குப் பின் கூடியிருந்ததை 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது. பரிவுணர்வு என்று இங்கே சொல்வது, அடுத்தவர் இடத்திலிருந்து பார்க்கும் திறனை. அதை அளக்கப் பதினைந்து வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோல்கூட உண்டு.

எங்கள் வகுப்பில் செலவு அதிகம் ஆகாது. பழைய கண்ணாடியில் வாஸலின், காதில் பஞ்சு, இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிளாஸ்திரி, அதன்மேல் கையுறை, சாக்ஸுக்குள் கொண்டைக்கடலை. சர்க்கரையால் மரத்துப்போன பாதத்துக்குக் கடலை எந்த வகையிலும் சமமில்லை, ஆனால் நின்றபடி பேசும்போது கவனம் பாதத்துக்கே போய்விடுவதை அது காட்டிவிடும்.

போன முறை 76 வயதுப் பாட்டியாக இருந்த மாணவிக்குக் கொடுத்த வேலை இது. கவுண்டருக்குப் போய் மூன்று மாத்திரை அட்டைகள் வாங்க வேண்டும். திரும்பி வந்து, ஏழு நாள், மூன்று வேளை, இருபத்தோரு அறை கொண்ட டப்பாவில் ஒரு வாரத்துக்கு அடுக்க வேண்டும். அதில் ஒன்று பாதி மாத்திரை. கவுண்டரில் இருந்த மாணவன் கெட்டிக்காரன், பாடம் முழுக்கத் தெரிந்தவன். "சாப்பாட்டுக்கு முன்னாடி இது ஒண்ணு, சாப்பிட்டு இது பாதி, ராத்திரி இது, சரியா பாட்டி?" என்றான். அவள் தலையாட்டினாள். மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். அட்டையின் பின்னால் இருந்த எழுத்தைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனாள், விளக்கடியில் சாய்த்தாள். வெள்ளியில் கறுப்பு எழுத்து, வாஸலின் வழியாக வெறும் மினுமினுப்பு. கையுறை விரலால் தாளைக் கிழிக்க முடியாமல் பல்லால் கடித்தாள். மாத்திரை தெறித்து மேசைக்கு அடியில் ஓடியது. பாதி செய்யக் கத்தியை வைத்தபோது ஒரு பாதி பொடியாகப் போனது. இருபத்தைந்து நிமிடத்தில் இருபத்தோரு அறையில் ஒன்பது நிரம்பியிருந்தன. அதில் இரண்டில் காலை மாத்திரை ராத்திரிக்குப் போயிருந்தது.

வகுப்பில் நாங்கள் 'மருந்தொழுக்கம்' என்ற சொல்லை நிறையப் பயன்படுத்துகிறோம். சொன்னபடி மருந்து எடுத்துக்கொள்வது என்று அதற்கு அர்த்தம். நோயாளி அப்படி எடுக்காவிட்டால் அவருக்கு ஒழுக்கம் இல்லை என்பதுபோல அந்தச் சொல்லே ஒலிக்கிறது. அந்த மாணவிக்கு ஒழுக்கத்தில் என்ன குறை?

ஆட்டம் முடிந்த பிறகுதான் பாடம்

இதோடு விட்டுவிட்டால் அது ஒரு சுவாரசியமான மதியம், அவ்வளவுதான். ஆடிய நேரத்துக்குக் குறையாமல் உட்கார்ந்து பேச வேண்டும். டீப்ரீஃபிங் என்று இதைச் சொல்வார்கள். என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த முறை என்ன மாற்றுவாய் என்று ஆடியவர்களையே பேசவைப்பது அது. கற்றல் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது, நேரம் இல்லை என்று முதலில் வெட்டப்படுவதும் இதுதான். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. கடலையும் வாஸலினும் புகைப்படத்தில் அழகாக வரும், பேச்சு வராது.

அன்று அந்த மாணவியிடம் கேட்டேன், புரியவில்லையே, ஏன் தலையாட்டினாய்?

"பின்னாடி மூணு பேர் நிக்கறாங்க மேடம். திரும்பக் கேட்டா எல்லாரும் என்னையே பாப்பாங்கன்னு தோணுச்சு."

கவுண்டரில் இருந்தவன் தலையைக் குனிந்துகொண்டான். "சரியா?" என்று கேட்டால் 'சரி' என்றுதான் பதில் வரும் என்பதை அந்த மேசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தார்கள். புரிந்ததா என்று கேட்காமல், 'வீட்டுக்குப் போய் இதை எப்படிப் போடுவீங்கன்னு எனக்குச் சொல்லுங்க' என்று கேட்டுப் பார்ப்பது நான் பல வருடமாகச் சொல்லித்தரும் முறை. அன்றுதான் அவர்களுக்கு அது தேவைப்பட்டது.

எது நடக்காது

இந்த ஆட்டங்கள் எல்லாவற்றையும் செய்யும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆட்டம் முடிந்த கையோடு எடுக்கும் அளவீடுகள்தான் பெரும்பாலான ஆய்வுகளில் இருக்கின்றன. ஐந்து வருடம் கழித்து அந்த மாணவர் கவுண்டரில் நின்று என்ன செய்கிறார் என்பதை அளப்பது வேறு வேலை. இன்னொரு அபாயமும் உண்டு. முதுமை என்றால் மங்கலும் நடுக்கமும்தான் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடலாம். இருபது வயதுப் பெண்ணுக்கு ஒரே நிமிடத்தில் கண் மங்கினால் திணறிப்போவாள். எண்பது வயதுப் பாட்டி இருபது வருடமாக மங்கலோடு வாழப் பழகியவர், தன் மாத்திரைகளை நிறத்தாலும் டப்பாவின் மூடியாலும் அடையாளம் கண்டு வைத்திருப்பவர். அதனால் ஆட்டம் முடிந்த வாரத்திலேயே உண்மையான ஒரு பெரியவரின் வீட்டுக்குப் போய் அவர் மாத்திரைகளை எப்படி வைத்திருக்கிறார் என்று பார்த்து எழுதிவரச் சொல்கிறேன். பரிதாபம் அங்கே மரியாதையாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் இதற்கு என்ன அவசரம்

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்டோர் 60 வயதைக் கடந்தவர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மாத்திரை கிடைப்பது பெரிய விஷயம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கிடைத்த மாத்திரை இருபத்தோரு அறையில் சரியான அறைக்குப் போகிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். நாடு முழுவதும் 2008-ல் தொடங்கிய ஆறு வருட பார்ம்.டி படிப்பு, நோயாளியின் பக்கத்தில் நிற்கும் மருந்தாளுநரை உருவாக்கத்தான் வந்தது. இரண்டு வருட டிப்ளமோ முடித்துக் கடையில் நிற்பவர்களுக்கும் இந்த ஆட்டத்தை ஒரு மதியத்தில் நடத்திவிடலாம். அவர்களிடம்தான் முதியவர்கள் அதிகம் வருகிறார்கள்.

அன்று டீப்ரீஃபிங் முடிந்ததும் இன்னொரு சுற்று ஆடினோம். அதே மாணவன் கவுண்டரில். வாஸலின் கண்ணாடி இந்த முறை வேறொருவரிடம். அவன் கவுண்டரைச் சுற்றி வெளியே வந்தான், முகத்துக்கு நேராக நின்றான். கறுப்பு மார்க்கரை எடுத்து ஓர் அட்டையில் பெரிய சூரியன் வரைந்தான், இன்னொன்றில் பிறை. பாதி மாத்திரையை அவனே கத்தரித்து ஏழு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தான். பிறகு, "ஐயா, நாளைக்குக் காலையில எதை முதல்ல எடுப்பீங்க, எனக்குக் காட்டுங்க" என்றான். பின்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.